கண்டக்டர் சின்னையனின் முதுகு

நீங்கள் அவசரப் பிரிவுக்குப் புதிது. ஸ்டெதாஸ்கோப்பின் ரப்பர் வாசனை இன்னும் போகவில்லை. அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டே டீக்கடைக்குப் போகிறீர்கள். தெரியும், நானும் போயிருக்கிறேன். கடைக்காரர் "டாக்டருக்கு சர்க்கரை கம்மி" என்று உள்ளே குரல் கொடுக்கும்போது ஏதோ பட்டம் சூட்டியதுபோல இருக்கும். முட்டி தேய்ந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கொஞ்ச காலம் கழித்து அதே கடைக்குப் போனேன். "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டார். மறதி நோயைப் பற்றி எழுத எனக்கு இருக்கும் முதல் தகுதி இதுதான்: என்னை மறந்துவிட்டார்கள்.

மறதி நோய்க்கான மருந்துகளைப் பற்றிப் புதியவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று உங்கள் சீனியர் ஒருவர் கேட்டார். பாடம் வேண்டுமானால் புத்தகத்தில் இருக்கிறது, படமும் போட்டிருக்கும். என்னிடம் இருப்பது ஒரு பிற்பகல். அதைத் தருகிறேன்.

ஆனால் ஒரு சின்னப் பாடத்தை முதலில் சொல்லாவிட்டால் பிற்பகல் புரியாது. மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு ரசாயனம் உதவுகிறது. அல்சைமர் நோயில் அது குறைந்துகொண்டே போகிறது. அந்த ரசாயனத்தைத் தின்று தீர்ப்பதற்கென்றே உடம்பில் ஒரு நொதியும் இருக்கிறது. டோனபெசில், ரிவாஸ்டிக்மைன் போன்ற மருந்துகள் அந்த நொதியின் கையைக் கட்டிவைக்கின்றன. மிச்சமிருக்கும் ரசாயனம் இன்னும் கொஞ்ச நேரம் தங்குகிறது. அவ்வளவுதான். போன ஞாபகம் திரும்பாது. போகிற வேகம் சிலருக்குச் சில காலம் மட்டுப்பட்டதுபோல இருக்கும். பெரிய ஊர்களில் இப்போது டிரிப் வழியாக ஏற்றும் புது மருந்துகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நோயின் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்க வேண்டும், திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் மலைக்கு அதெல்லாம் ஏறி வந்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. மக்காச்சோளத்துக்கு நம் ஆட்கள் அடிக்கிற பூச்சிமருந்துகளில் பலவும் இதே நொதியைத்தான் பிடிக்கின்றன. கையைக் கட்டுவதில்லை, கழுத்தை நெரிக்கின்றன. இரண்டும் ஒரே குடும்பம். ஒருவன் படித்து ஆளாகிவிட்டான், தம்பி ரவுடியாகிவிட்டான். அளவு மீறினால் படித்தவனும் ரவுடிதான். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். கண்ணெதிரே வந்து படுத்தபோது அடையாளம் தெரியவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். எங்கள் கேஷுவாலிட்டியில் ஆம்புலன்ஸை வரவழைக்க இதைவிட நம்பகமான வழி கிடையாது. கல்வராயன் மலையிலிருந்து, கரியாலூருக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வண்டி வந்தது. முதலில் இறங்கியது நோயாளி அல்ல, ஒரு குரல்.

"மருந்து குடிக்க வெச்சிட்டா சார்! எங்க நைனாவுக்கு பூச்சி மருந்தக் கலக்கிக் குடுத்துட்டா சார்!"

குரலுக்குச் சொந்தக்காரி தனம். சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள். அப்பாவைப் பார்க்க அன்று காலை மலைக்கு வந்தவள். பின்னால் இன்னொருத்தி, பழைய தோல்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி இறங்கினாள். மருமகள் பச்சையம்மாள். ஆம்புலன்ஸ் ஊழியர் என் காதில் கிசுகிசுத்தார்: "சார், மலையெறங்குற வரிக்கும் வளைவுக்கு ஒரு சண்ட. எனக்கே தலை சுத்திடுச்சி."

ஸ்ட்ரெச்சரில் சின்னையன். எழுபது கடந்தவர், மறதி நோய்க்காரர். மலைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் காலமெல்லாம் கண்டக்டராக இருந்தவர். வேலை முடிந்து வருஷங்கள் ஆகியும் காக்கிச் சட்டையைக் கழற்றாதவர். கழுத்துவரை பொத்தான், மேலே ஒரு போர்வை. வாயோரம் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. உடம்பு முழுக்க வியர்வை. கண்மணி இரண்டும் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. தோளில் தசை தானாகத் துடித்தது. நாடியோ, அடுத்த அடி வைக்கலாமா என்று யோசித்து யோசித்து நடந்தது.

இந்த மாவட்டத்தில் இதைப் பார்த்து நோய் சொல்ல டாக்டர் தேவையில்லை. வாசலில் பழம் விற்கிறவரும் சொல்லிவிடுவார். எங்கள் நர்ஸ் சிஸ்டர் நான் வாயைத் திறப்பதற்குள் விஷமுறிவான அட்ரோபின் ஊசிக் குப்பியை உடைத்துவிட்டார். வயிற்றுக்குக் குழாய் போட்டோம். நெஞ்சில் ஈசிஜி ஒட்டுவதற்காகச் சட்டையின் முன் பொத்தான்களை மட்டும் அவிழ்த்தோம். அதற்கே அரை மயக்கத்திலும் மனிதர் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பூச்சிமருந்து என்றால் துணி எல்லாவற்றையும் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது விதி. ஆனால் எங்களுக்குள் ஒரு கிளை விதி உண்டு: வயலில் அடிக்கும்போது மேலே பட்டவர்களைக் கழுவுவோம், குடித்தவர்களுக்கு வயிற்றைக் கழுவுவோம். இது குடித்த கேஸ். மகளே சொல்லிவிட்டாள்.

அட்ரோபின் போனதும் நாடி எழுந்தது. எச்சில் குறைந்தது. நான் என் சாப்பாட்டு டப்பாவை நினைத்துக்கொண்டேன். உடனே நாடி மறுபடி இறங்கியது.

இன்னொரு ஊசி. எழுந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கியது. மலைப்பாதையில் கியர் நிற்காத வண்டி மாதிரி, ஏற்றுவதும் பின்னால் சரிவதுமாக. பூச்சிமருந்திலும் இப்படி நடப்பதுண்டு. அதனால் எனக்குச் சந்தேகம் வரவில்லை, பயம்தான் வந்தது. வயதான இதயம். எத்தனை தடவை ஏறும்?

இதற்குள் தனம் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில்.

"மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால கெடந்துது சார். இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

"அது மக்காச்சோளத்துக்கு அடிச்சது அண்ணி" என்றாள் பச்சையம்மாள். ஆஸ்பத்திரிக்கு வந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

"பேசாத! போன்ல நீ எங்கிட்ட இன்னா சொன்ன? என்னால முடியல அண்ணின்னு சொன்னியா இல்லியா? சொல்லு சார் முன்னால!"

"சொன்னேன்."

"கேட்டுக்கினீங்களா சார்?"

அறை வாசலில் ஏட்டு நின்றிருந்தார். ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட்டில் இருப்பவர். மோசமான ஆள் இல்லை. அன்று அவருக்கு வேறு இரண்டு விபத்து, ஒரு அடிதடி. சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம். உள்ளே வரவும் மாட்டார், போகவும் மாட்டார். கதவு நிலையில் ஒரு தோளைச் சாய்த்தபடியே பேசினார்.

"சார், நேர் கேஸு. பொண்ணு சொல்லுது, பாட்டில் இருக்குது, மருமவளே முடியலன்னு சொன்னேங்குது. மருமக விஷம் குடுத்ததா ஒரு வரி போட்டுக் குடுங்க. நான் ஸ்டேஷனுக்கு இட்டுகினு போயிடறேன். பெரியவருக்கு நெனப்பு வந்தா ஒரு வாக்குமூலம் வாங்கிக்கலாம்."

"பெரியவருக்கு அவர் பேரே ஞாபகம் இருக்காது ஏட்டு. மறதி நோய்."

"அப்ப இந்தம்மா சொல்றதுதான் சார் சாட்சி."

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் எழுதப்போகும் அந்த ஒரு வரி சாதாரண வரி அல்ல. 'விஷம் என்று சந்தேகம்' என்று எழுதலாம், அது நம் கண்ணுக்குத் தெரிவது. 'இன்னார் கொடுத்தார்' என்று நாம் எப்படி எழுத முடியும்? நாம் அடுப்படியில் நின்று பார்த்தோமா? ஆனால் ஒருபக்கம் நாடி சரிகிறது, ஒருபக்கம் மகள் அழுகிறாள், வாசலில் காக்கி நிற்கிறது, வெளியே பாம்புக்கடி என்று இன்னொரு வண்டி வருகிறது. அந்த நேரத்தில் பேனா தானாக நகரும். யார் சத்தமாகப் பேசுகிறார்களோ அவர்கள் பக்கம் நகரும்.

என் பேனா நகராமல் இருந்ததற்குக் காரணம் நேர்மை என்று சொல்ல ஆசைதான். உண்மையில் பசி. டப்பாவை எடுக்கலாம் என்று பாட்டிலை நகர்த்தினேன். மூடி இல்லாத அதன் வாயை அடைத்து ஒரு சிலந்தி வலை கட்டியிருந்தது. நல்ல கெட்டியான, குடும்பம் நடத்திய வலை. முகர்ந்து பார்த்தேன். தூசி வாசனை. சின்னையனின் வயிற்றிலிருந்து வந்த நீரைக் குனிந்து முகர்ந்தேன். (இந்தத் தொழிலில் நாம் முகரும் பொருட்களை வீட்டில் சொன்னால் யாரும் நமக்குச் சோறு போட மாட்டார்கள்.) அதில் கஞ்சி வாசனைதான். பூச்சிமருந்தின் அந்த மூக்கைக் குத்தும் நாற்றம் துளியும் இல்லை.

விஷத்தின் எல்லா அடையாளமும் இருக்கிறது, ஆனால் விஷம் இல்லை. அதோடு உள்ளே ஏதோ இன்னும் சுரந்துகொண்டே இருக்கிறது, இல்லாவிட்டால் நாடி ஏன் திரும்பத் திரும்பச் சரிகிறது?

பச்சையம்மாளைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டேன். "என்னம்மா மருந்து குடுக்குறே அவருக்கு?"

"ஒண்ணும் குடுக்கல சாமி."

"மறதிக்கு மாத்திரை?"

"முன்ன குடுத்தாங்க. வாந்தி எடுத்தாரு. முழுங்காம துப்பிடுவாரு. சேலத்து டாக்டரு நிறுத்திட்டாரு. இப்ப வாய்க்குள்ள ஒரு மாத்திரையும் போறதில்ல. எம்புள்ளைங்க மேல சத்தியம்."

பொய் சொல்கிறவள் அப்படி நேராகப் பார்க்க மாட்டாள் என்று தோன்றியது. இந்தத் தோன்றுதலை நம்பாதீர்கள், எனக்குப் பலமுறை தப்பியிருக்கிறது. பொய் சொல்கிறாளோ இல்லையோ, என் கேள்வி செத்துவிட்டது. நான் முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய டாக்டர் இருந்தார். கேள்வி செத்தால் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அலையாதே, வேறு கேள் என்பார். 'என்ன மருந்து' என்று கேட்டால் அவர்கள் மருந்து என்று நினைப்பதை மட்டும்தான் சொல்வார்கள். பொழுது விடிந்ததிலிருந்து கேள், எல்லாம் வரும் என்பார். எங்களுக்கோ பொழுது விடிந்ததிலிருந்து கேட்க நேரம் கிடையாது. உள்ளே சிஸ்டர் "சார், மறுபடியும் எறங்குது" என்றார்.

"ஊசி போடுங்க சிஸ்டர், வரேன். நீ சொல்லும்மா. காலையில எழுந்ததிலேருந்து அவருக்கு என்னென்ன பண்றே? ஒண்ணு விடாம."

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை போலிருந்தது.

"இன்னா பண்ணுவேன்... எழுப்பி பின்பக்கம் இட்டுகினு போவேன். போவ மாட்டேன்னு அடம் புடிப்பாரு, வண்டி கெளம்பப் போவுதுன்னு சொன்னா ஓடியாருவாரு. வாய் கொப்புளிக்க வெப்பேன். சாமைக் கஞ்சி குடுப்பேன். நாலு நாளா அதையும் வாந்தி எடுத்துகினு இருந்தாரு. தண்ணி ஊத்துவேன். சட்டைய மாட்டுறதுக்குள்ள பிளாஸ்திரிய ஒட்டிட்டு, பையத் தோள்ல மாட்டிவுடுவேன். பழைய காலண்டர் தாளக் கிழிச்சி பையில போட்டுக் குடுத்தா, சோத்து வேள முட்டும் டிக்கெட் கிழிச்சிகினு..."

"என்ன பிளாஸ்திரி?"

"ஞாவகத்துக்கு ஒட்டுறது. மாத்திர துப்புறாருன்னு சேலத்து டாக்டரு குடுத்தாரே."

"எங்க ஒட்டுவே?"

"முதுவுலதான் சாமி. கைக்கு எட்டுற எடம்னா பிச்சிப் போட்டுடுவாரு."

நான் ஓடினேன். என் முட்டியை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய சொல் என்று தெரியும்.

"சிஸ்டர், கத்திரிக்கோல்! திருப்புங்க அவரை!"

காக்கிச் சட்டையைப் பின்பக்கம் நெடுக வெட்டினோம். தனம் "எங்க நைனா சட்டைய..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

சின்னையனின் முதுகில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவிலிருந்து இடுப்புவரை, வட்ட வட்டமாகப் பிளாஸ்திரிகள். ஒன்றோடொன்று இடிக்காமல், வரிசை பிசகாமல், ஓடு வேய்வதுபோல அவ்வளவு பொறுப்போடு ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு நாளைக்கு உரியது. அத்தனையும் சேர்ந்து ஒரே நேரத்தில் தோல் வழியாக மருந்தை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தன. நாங்கள் முன்பக்கம் ஊசி போட, பின்பக்கம் அவை பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

"ஏம்மா, புதுசு ஒட்டும்போது பழசை எடுக்கலியா?"

"எடுக்கணுமா?" என்றாள் பச்சையம்மாள்.

அந்த ஒரு சொல்லில் நடந்ததெல்லாம் இருந்தது. முதலில் ஒட்டிக்கொண்டிருந்தது அவள் புருஷன் வேலு. அவனுக்கு டாக்டர் செய்து காட்டியிருக்கிறார், சரியாகச் செய்திருக்கிறான். திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் போனில் சொன்னது இவ்வளவுதான்: தினம் ஒண்ணு ஒட்டு, ஒட்டின எடத்துலயே திரும்ப ஒட்டாத, எடம் மாத்தி ஒட்டு. டாக்டர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூட அவன் தப்பாகச் சொல்லவில்லை. அவளும் தப்பாகச் செய்யவில்லை. இடம் மாற்றி மாற்றித்தான் ஒட்டியிருக்கிறாள்.

"பிளாஸ்திரி தானா விழுவணுமே சாமி. இடுப்பு வலிக்கு ஒட்டினா விழுற முட்டும் நாங்க தொட மாட்டோம். பிச்சா வலி திரும்பிக்கும்னு சொல்லுவாங்க. இதுவும் அதாட்டம்தானேன்னு..."

இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இடுப்புப் பிளாஸ்திரி என்பது கல்யாணம் மாதிரி, தானாகக் கழன்றால்தான் உண்டு. சிரிக்காதீர்கள். அந்த நிமிஷத்தில் உங்கள் டாக்டரின் இடுப்பிலும் ஒன்று இருந்தது. எப்போது ஒட்டியது என்று என் மனைவிக்கே நினைவில்லை.

ஒவ்வொன்றாகப் பிய்த்தோம். கையுறை போட்டுக்கொண்டு, இல்லாவிட்டால் அடுத்த கட்டிலில் நான் படுக்க வேண்டியிருக்கும். முதுகைக் கழுவினோம். ஆனால் பிய்த்த உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். தோலுக்கடியில் தங்கிய மருந்து அதன் பிறகும் சில மணி நேரம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். அந்த நேரம்தான் மோசம். காரணம் தெரிந்துவிட்டது, திருடன் பிடிபட்டுவிட்டான், ஆனால் நாடி அதைக் கேள்விப்படவில்லை. மறுபடி சரிந்தது. ஒரு தடவை மானிட்டரில் கோடு இழுத்த இழுப்பில் சிஸ்டரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நெஞ்சை அமுக்கத் தயாராக நான் கட்டில் பக்கத்தில் ஒரு முக்காலியில் ஏறி நின்றேன். ஊசி போனது. காத்திருந்தோம். கோடு ஒரு மேடு கட்டியது. பிறகு இன்னொன்று.

முக்காலியிலிருந்து இறங்க எனக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

சுவரோரம் இரண்டு பெண்களும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். அந்த நடைபாதையில் வேறு இடம் இல்லை. தனம், யாரிடமோ கேட்பதுபோல, "அப்ப முடியலன்னு எதுக்குடி சொன்ன?" என்றாள்.

"முடியலதான் அண்ணி. ராத்திரில தூங்க மாட்டாரு. கதவத் தொறந்துகினு ரோட்டுக்குப் போயிடுவாரு. புள்ளைங்களையும் பாத்துகினு, காட்டையும் பாத்துகினு... முடியல. முடியலன்னு சொன்னா கொன்னுடுவாங்கன்னு அர்த்தமா?"

தனம் மன்னிப்புக் கேட்கவில்லை. நம் ஊரில் மன்னிப்பு வாய்வழியாக வருவது அபூர்வம். எழுந்து போய் இரண்டு டீ வாங்கிவந்தாள். ஒன்றைப் பச்சையம்மாள் பக்கத்தில் தரையில் வைத்தாள். கையில் கொடுக்கவில்லை, வைத்தாள். அதுவே பெரிது.

ஏட்டு வாசலிலேயே இருந்தார். நடந்ததைச் சொன்னேன். தோலில் ஒட்டும் மருந்து அறியாமல் அளவு மீறிவிட்டது என்று எழுதினேன். என் கண்ணால் பார்த்தது அது. அவர் தலையைச் சொறிந்தார்.

"பொண்ணு கூச்சல் போட்டதெல்லாம் எல்லாருக்கும் கேட்டுடுச்சி சார். நாளைக்கு யாராவது ஒருத்தன் எதையாவது கெளப்புவான். பெரியவர் கண்ணு முழிச்சா ஒரு வார்த்தை அவர் வாயால கேட்டுகினு போயிடறேன். மருமவ மேல சந்தேகம் இல்லன்னு."

"அவருக்கு மருமக யாருன்னே தெரியாது."

"இருக்கட்டும் சார். நிக்கிறேன்."

சின்னையன் தேறிவரத் தேறிவர, எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது பச்சையம்மாள் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள். வேலைக்காலம் முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் எனக்குப் பதில் சொல்ல ரொம்பக் கஷ்டமாக இருந்தது அதுதான்.

"இத ஒட்டினா ஞாவகம் வந்துடும்னு நெனச்சிகினு இருந்தேன் சாமி. இத்தினி ஒட்டியும் வரலியே?"

புத்தகம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் நொதியைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கும் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, "வராதும்மா. போனது வராது" என்றேன்.

"அப்ப எதுக்கு ஒட்டுறது?"

"சில பேருக்கு, இருக்கிறது கொஞ்ச நாள் கூட நிக்கும். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்குவார். கூப்பிட்டா திரும்புவார். அந்த மாதிரி சின்னச் சின்ன விஷயம். சில பேருக்கு அதுவும் இல்லை."

அவள் யோசித்தாள். "எங்க வூட்டுக்காரரு ஒட்ட ஆரம்பிச்சப்புறம் மாமா விசில் ஊதினாரு. அதுக்கு முன்ன மறந்துட்டிருந்தாரு. விசிலக் குடுத்தா கையில வெச்சி பாத்துகினே இருப்பாரு."

"அது மருந்தாலயும் இருக்கலாம்."

"இருக்கலாம்னா?"

"இருக்கலாம்தான். எனக்கும் தெரியாது."

இப்போதைக்கு எதுவும் ஒட்ட வேண்டாம், சேலத்து டாக்டரிடம் நானே பேசுகிறேன் என்றேன். மறுபடி தொடங்குவதென்றால் மிகக் குறைந்த அளவிலிருந்து, ஒன்றே ஒன்று. பழசைப் பிய்த்துக் கையில் எடுத்த பிறகுதான் புதுசின் உறையைக் கிழிக்க வேண்டும். அவளைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிறகு செய்துகாட்டச் சொன்னேன், என் கையில் சாதாரணப் பிளாஸ்திரியை ஒட்டி. பிய்க்கும்போது முடியோடு வந்தது. அவள் முதன்முறையாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

உங்களுக்குச் சொல்ல நான் வைத்திருப்பது இவ்வளவுதான். 'தினம் ஒன்று ஒட்டவும்' என்று எழுதாதீர்கள். 'பழசைப் பிய்க்கவும்' என்று முதலில் எழுதுங்கள். அதை நோயாளியைக் கூட்டிவந்தவரிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகாதீர்கள். வீட்டில் யார் சட்டை மாட்டிவிடுகிறாரோ அவரிடம் போனிலாவது சொல்லுங்கள். முதுகைப் பாருங்கள். விதி இருப்பது அதற்குத்தான். கிளை விதிகள் எல்லாம் நம் சோம்பேறித்தனம் பெற்ற பிள்ளைகள்.

வெயில் சாயும் நேரத்தில் சின்னையன் கண் திறந்தார். கண்மணி விரிந்திருந்தது, அட்ரோபின் வேலை. கூசும் வெளிச்சத்தில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கூட்டம் ஜாஸ்தி என்று நினைத்திருக்க வேண்டும். கை தோளைத் தடவியது. அங்கே பை இல்லை. முகம் கலவரமானது. பச்சையம்மாள் பையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். உள்ளேயிருந்து காலண்டர் துண்டுகளை எடுத்தார். எச்சில் வறண்டிருந்த நாக்கில் விரலைத் தொட்டுக்கொண்டார்.

"எங்க போவணும்?" என்றார் என்னைப் பார்த்து.

"கரியாலூர்" என்றேன். ஒரு துண்டைக் கொடுத்தார்.

அடுத்து தனம். "நைனா, நாந்தான் நைனா. தனம்."

"எங்க போவணும்னு கேட்டா பேரச் சொல்ற. எந்த ஊரு?"

அவள் இன்னும் கிட்டே போனாள். "சின்னசேலம்."

"இந்த வண்டி அங்க போவாது. எறங்கு."

தனம் அப்படியே நின்றாள். அப்பா தன்னை இறக்கிவிட்டதை எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று நான் பயந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கள்ளக்குறிச்சிக்குக் குடு நைனா. அங்க மாறிக்கிறேன்" என்றாள். ஒரு துண்டு கிடைத்தது.

பச்சையம்மாள் பழக்கத்தில் கையை நீட்டினாள். வீட்டில் தினமும் அவளுக்கு இந்த வேலை இருக்கும் போலிருக்கிறது. சின்னையன் அவளைப் பார்த்தார். பெயரைத் தேடினாரோ என்னவோ, அது கிடைக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அவள் நீட்டிய கையை மெல்லத் தள்ளிவிட்டு, எங்கள் எல்லோரையும் பார்த்து, கொஞ்சம் அதட்டலாகச் சொன்னார்:

"இது ஸ்டாஃபு. டிக்கெட் வாணாம்."

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"ஏட்டு, வாக்குமூலம் கேட்டீங்களே."

ஏட்டு கதவு நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சின்னையனின் பார்வை அங்கே போய்விட்டது.

"யோவ், படியில நிக்காத. ஒண்ணு உள்ள வா, இல்லன்னா எறங்கு."

ஏட்டு இறங்கிவிட்டார்.